குழந்தைகளோடு கைவேலையும் அடுப்பு வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பகுதியில், ஊத்துக்குளிக்கும் சென்னிமலைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருவில் உள்ள ஏழெட்டுக் குழந்தைகள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், பிசைவார்கள். வெயில் தாழும் நேரத்தில் அடுப்பில் ஏதாவது ஒன்று வெந்துகொண்டிருக்கும். என் மகளுக்காகத் தொடங்கிய பழக்கம் இது. அவளுக்கு இப்போது 11 வயது. குழந்தைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார்களும் அம்மாயிகளும் (அம்மாவைப் பெற்ற பாட்டிகளும்) கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

என் குழந்தைக்கு 3 வயதுதான் ஆகிறது. இப்போதே தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். அந்த வயதில் கிழிப்பதும் இழுப்பதும் கொட்டுவதும்தான் வேலை. பழைய செய்தித்தாளைக் கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அலுக்காமல் கிழிப்பார்கள். அந்தக் கிழிசலை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்தால் காகிதக் கூழ் தயார். எங்கள் பாட்டிமார் ஓட்டை விழுந்த முறத்துக்குப் பூசியதும், பழைய பாத்திரத்தின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை எடுத்ததும் இதே கூழில்தான்.

4, 5 வயதில் மாவு பிசையலாம், தேய்த்த மாவை டம்ளர் வாயால் வட்டமாக வெட்டலாம். 6, 7 வயதில் முனை மழுங்கிய கத்தரியும், காது பெரிதான மொட்டை ஊசியும் கொடுக்கலாம். முதல் தையலுக்குக் கோணிச் சாக்கைவிட நல்ல துணி கிடையாது. சாக்கின் இழைகளுக்கு நடுவே உள்ள கண்கள் பெரிதாக இருப்பதால் ஊசி எங்கே நுழைகிறது, எங்கே வெளிவருகிறது என்பது குழந்தைக்குத் தெரியும். 9 வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால், அடுப்பையும் நம்பிக் கொடுக்கலாம்.

வயதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கொடுக்கிற வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். பிசைந்த மாவு அன்று இரவே தட்டுக்கு வர வேண்டும். தைத்த பை மறுநாள் கடைக்குப் போக வேண்டும். பொழுதுபோக்குக்காக ஒப்புக்குக் கொடுத்த வேலை எது என்பது 3 வயதுக் குழந்தைக்கே தெரிந்துவிடுகிறது.

கடையில் விற்கும் கைவினைப் பெட்டிகளை வாங்கலாமா? பொருள்களுக்கு நிறையச் செலவாகுமா?

வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பெட்டிகளில் எல்லாவற்றையும் அளந்து வெட்டி வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு மிச்சம் இருப்பது ஒட்டுவது மட்டும். ஒரு மணி நேரத்தில் படத்தில் உள்ளதுபோலவே ஒன்று வந்துவிடும், அதோடு அது முடிந்தது.

நாம் இருப்பதோ பொருள்களுக்கு நடுவில். திருப்பூரில் பனியன் வேஸ்ட் துணியைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். கரூர், சென்னிமலைப் பக்கம் உறவினர் இருந்தால் போர்வைத் துண்டும் நூல் மிச்சமும் கிடைக்கும். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சிக்கும் தேங்காய் நாருக்கும் விலையே கேட்க வேண்டாம். ஈரோட்டு மஞ்சள் எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கிறது. நல்ல கத்தரி ஒன்று, அளவு நாடா ஒன்று, ஊசிகள், ஒரு சமையலறைத் தராசு: இந்த நான்கில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்கிறது. அதை வைத்து என்ன செய்ய முடியும்?

அந்தச் சுருளுதலைத்தான் நாம் பயன்படுத்தப் போகிறோம். வேட்டித் துணியில் நெடுக்கில் பாவும் குறுக்கில் ஊடையும் ஓடுகின்றன. பனியன் துணி அப்படி நெய்யப்படுவதில்லை. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாக நூலைக் கோத்துப் பின்னியது. அதனால்தான் இழுத்தால் நீள்கிறது, வெட்டினால் ஓரம் மடங்குகிறது.

பழைய பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பகுதிக்குக் கீழே உள்ள உடலை மட்டும் குழாய்போல வெட்டி எடுங்கள். பிறகு கீழ் ஓரத்திலிருந்து 2 விரல் அகலத்துக்குச் சுற்றிச் சுற்றி, ஆப்பிள் தோல் சீவுவதுபோல, அறுபடாமல் வெட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். நீண்ட நாடா ஒன்று கிடைக்கும். இனிமேல்தான் குழந்தைகளின் பங்கு. ஒரு முனையை ஒருத்தி பிடிக்க, மறுமுனையை இன்னொருத்தி பிடித்துப் பின்னால் நடக்க வேண்டும். துணி நீண்டு, இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு, கண் முன்னாலேயே தட்டை நாடா உருண்டைக் கயிறாக மாறிவிடும். இதை முதல்முறை பார்க்கும் எந்தக் குழந்தையும் இன்னொரு முறை செய்யாமல் இருந்ததில்லை. பிடிமானம் குறைந்த இடத்தில் அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தொடரலாம்.

இந்தக் கயிற்றை மூன்று புரியாகச் சடை பின்னி, சுருட்டித் தைத்தால் சூடான பாத்திரம் வைக்கும் மணை. விரல்களிலேயே கோத்துப் பின்னினால் பை வார். கொஞ்சம் பொறுமை உள்ள குழந்தைக்கு இதுவே ஊடை.

வீட்டில் நெசவு சொல்லித்தர முடியுமா? தறி வேண்டாமா?

ஓர் அட்டை போதும். சட்டை வைத்து வரும் கெட்டி அட்டையில் மேலும் கீழும் 1 செ.மீ. இடைவெளியில் கீறல் போடுங்கள்; கீறல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஓரம் அழகாக நிற்கும். கெட்டிப் பருத்தி நூலை அவற்றில் மாட்டி மேலும் கீழுமாகக் கட்டினால் பாவு தயார். பனியன் கயிற்றை ஒரு நூலுக்கு மேல், ஒரு நூலுக்குக் கீழ் என்று நுழைத்துக்கொண்டே போக வேண்டும். திரும்பி வரும்போது மேல் கீழ் மாறும். பழைய சீப்பால் தட்டித் தட்டி நெருக்க வேண்டும்.

தொடங்குபவர் எல்லாருக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஊடையை நேராக இறுக்கி இழுப்பதால் இரண்டு ஓரமும் உள்ளே வந்து, நடுவில் இடுப்பு விழும். ஊடையை இழுக்காமல் வில்லைப்போல வளைத்து விட்டு, அதன்பிறகு சீப்பால் கீழே தட்டினால் இது வராது. முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளைப் பவானிக்குக் கூட்டிப்போங்கள். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தைக் குழித்தறியில் உட்கார்ந்து நெய்வதை அருகிலிருந்து பார்த்த குழந்தை, வீட்டுக்கு வந்து அட்டைத் தறியை வேறு கண்ணோடு எடுக்கும். என் மகள் அன்று கவனித்தது ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவையோ வண்ணக் கோடுகளையோ அல்ல. நெசவாளரின் கால்கள் குழிக்குள் மிதித்துக்கொண்டே இருந்ததை. "அம்மா, காலாலும் நெய்கிறார்கள்" என்றாள்.

குழந்தை கோணலாகச் செய்தால் நான் திருத்தலாமா?

கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

என் மகளுக்கு 8 வயது இருக்கும்போது, சிவப்பும் நீலமும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு சிறிய பாய் நெய்துகொண்டிருந்தாள். நான் மேலே சொன்ன அந்த இடுப்பு அதில் விழுந்துவிட்டது. அவள் தூங்கிய பிறகு நான் நான்கு விரல் அளவுக்குப் பிரித்து, ஓரத்தை நேராக்கி நெய்துவைத்தேன். அவள் மகிழ்வாள் என்று நினைத்தேன். காலையில் எழுந்து வந்து எடுத்தவள், சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது யாருடையது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று மாதம் அதைத் தொடவில்லை. பிறகு அட்டையிலிருந்து முழுவதையும் அவளே உருவி எடுத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள். அதிலும் நடுவில் இடுப்பு விழுந்தது. நான் கை வைக்கவில்லை. முடித்ததும் அதற்கு "உடுக்கை" என்று பெயர் வைத்தாள்.

கேட்டால் சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்று செய்யுங்கள். உங்கள் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். அவர்கள் பொருளில் மட்டும் உங்கள் விரல் பட வேண்டாம்.

எனக்கே கைவேலை எதுவும் தெரியாதே?

உங்கள் மாமனாருக்கோ அம்மாயிக்கோ தெரியும். கேட்டுப் பாருங்கள். தை மாதம் சோளம் அறுத்து முடிந்திருந்த சமயத்தில், எங்கள் வீட்டு அப்பாரு (தாத்தா) திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் மகள் மாடு கட்டும் கட்டுத்தரையிலிருந்து ஒரு சோளத்தட்டை இழுத்து வந்து உடைத்துக்கொண்டிருந்தாள். "உடைக்காதே கண்ணு, இங்கே கொண்டுவா" என்று வாங்கினார். நகத்தால் ஒரு கீறு கீறி, தட்டின் தோலை நீள நீளமாக உரித்தார். உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோல லேசாக நெட்டி. அதை விரல் அளவுக்கு ஒடித்தார். உரித்த தோலைக் குச்சி குச்சியாகக் கிழித்து, நெட்டியில் குத்தி இணைத்தார். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. தோலை வளைத்து வட்டமாக்கி, இரண்டு முனைகளையும் நெட்டியில் செருகினால் சக்கரம்.

"அப்பாரு, சக்கரம் சுற்றுமா?"

"சுற்றாவிட்டால் அது என்ன வண்டி சாமி?"

ஏர்க்கால், நுகத்தடி, இரண்டு மாடுகள் என்று அரை மணி நேரத்தில் முழு மாட்டுவண்டி எழுந்து நின்றது. அவர் அதைச் செய்து ஐம்பது ஆண்டுகளாவது ஆகியிருக்கும். விரல்கள் எதையும் மறக்கவில்லை. உரித்த தோலின் விளிம்பு பிளேடுபோல அறுக்கும் என்பதால் உரிப்பது மட்டும் பெரியவர் வேலை. கோப்பதைக் குழந்தைகளுக்கு விடலாம். பனையோலைக் காற்றாடி, நுங்கு வண்டி, தென்னையோலைப் பீப்பீ, வயர் கூடைக்கு நெல்லிக்காய் முடிச்சு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரிடமாவது ஏதோ ஒன்று இருக்கிறது. கேட்பதற்கு ஒரு குழந்தை வந்தால் அவர்கள் கொடுத்துவிடுவார்கள்.

கடைப் பசை இல்லாமல் ஒட்ட முடியுமா?

2 மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடிபோல மினுங்கும்போது இறக்குங்கள். இரண்டு நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குச் செய்துகொள்வது நல்லது. பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது.

சாயப் பொடிகள் பயமாக இருக்கின்றன. வேறு வழி உண்டா?

மஞ்சளில் தொடங்குங்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று குழந்தைகளிடம் சொன்னால் அவர்களுக்கு அது ஒரு செய்தி மட்டுமே. மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்த வெள்ளைத் தாளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு எழுதச் சொல்லுங்கள். மஞ்சள் தாளில் இரத்தச் சிவப்பாக எழுத்து எழும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடியும் மஞ்சளாகிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தன்மை பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது இதனால்தான் என்று சொன்னபோது, ஒரு சிறுவன் வீட்டுக்கு ஓடிப்போய் அவன் ஆத்தாவின் வெற்றிலைப் பெட்டியோடு திரும்பி வந்தான்.

துணிக்கு என்றால், 100 கிராம் பருத்தித் துணிக்கு 10 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் முதலில் ஊறவையுங்கள். பிறகு 2 லிட்டர் தண்ணீரில் 3 மேசைக்கரண்டி மஞ்சள்தூள் போட்டு, துணியை அரை மணி நேரம் மெல்லிய கொதியில் வைத்து எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயில் பட்டால் மஞ்சள் நிறம் நிற்காது. திரைச்சீலைக்கு ஆகாது, பொம்மைச் சட்டைக்கு ஆகும். தோய்ப்பதற்கு முன் துணியில் அங்கங்கே நூலால் சுருக்குப் போட்டுக் கட்டினால், கட்டிய இடங்களில் நிறம் ஏறாமல் வட்டம் வட்டமாக வெள்ளை தங்கும்.

எங்களிடம் ஓவன் இல்லை. கேக் செய்ய முடியுமா?

முடியும். நான் முதல் நான்கு ஆண்டுகள் பழைய குக்கரில்தான் செய்தேன். தினமும் பருப்பு வேகவைக்கும் குக்கரை எடுக்காதீர்கள்; தண்ணீர் இல்லாத சூட்டில் அதன் பாதுகாப்பு வால்வு கெட்டுவிடும். ஒதுக்கி வைத்த குக்கரோ, அழுத்தமான மூடியுள்ள கனத்த சட்டியோ போதும். குக்கர் என்றால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். அடியில் ஒரு அங்குலத்துக்குக் கல் உப்பு பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, 10 நிமிடம் சூடேற்றுங்கள். அந்த உப்பை ஆறியதும் டப்பாவில் போட்டு அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் திண்ணைக் கேக்: கோதுமை மாவு 1 கப், ராகி மாவு அரை கப், சலித்த நாட்டுச்சர்க்கரை முக்கால் கப், தயிர் முக்கால் கப், தேங்காய் எண்ணெய் அரை கப், பால் கால் கப், சமையல் சோடா அரை தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். மாவு வகைகளையும் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சலிப்பது 4 வயதுக் குழந்தைக்கு ஏற்ற வேலை. தயிர், சர்க்கரை, எண்ணெய், பால், ஏலக்காயைத் தனியாகக் கலந்து, மாவைச் சேர்த்து, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். பதம் இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கலாம். ராகி அதிகம் குடித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் பால். தயிரும் சோடாவும் சேர்ந்ததும் பொங்கத் தொடங்கிவிடும், ஆகவே கலந்தவுடன் அடுப்புக்குப் போக வேண்டும். சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். ஓவன் என்றால் 180 டிகிரியில் 35 நிமிடம். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

கேக் நடுவில் அமுங்கிவிடுகிறதே?

பெரும்பாலும் 25 நிமிடத்துக்குள் மூடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் சோடா கூடியிருக்கும்.

மைதாவுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பதிலாக வேறு சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் ஒன்றுக்கு ஒன்று அப்படியே மாற்றினால் ஏமாற்றம்தான். ராகி, கம்பு, தினை எதிலும் மைதாவின் இழுவை கிடையாது. முழுக்க ராகியில் செய்த கேக் எடுக்கும்போதே உதிரும். பாதிக்கு மேல் கோதுமை இருக்கட்டும். கோதுமை மாவு ஈரத்தை அதிகம் இழுப்பதால் பாலைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

நாட்டுச்சர்க்கரையைப் பற்றி எனக்கு நிறையவே சொல்ல இருக்கிறது. எங்கள் பக்கம் கவுந்தப்பாடிச் சர்க்கரைக்குப் பெயர். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அங்கிருந்துதான். அதில் ஈரம் உண்டு, ஆகவே கேக் மறுநாளும் மெத்தென்று இருக்கும். அதே காரணத்தால் பிஸ்கட் மொறுமொறுப்பாக வராது. சீக்கிரம் சிவக்கும் என்பதால் தீயைக் குறையுங்கள். இனிப்பும் வெள்ளைச் சர்க்கரையைவிட மென்மை. ஆனால் இதுவும் சர்க்கரைதான், அளவில்லாமல் சாப்பிட அனுமதி இல்லை என்று குழந்தைகளிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

சுலபமான பிஸ்கட் ஒன்று சொல்ல முடியுமா?

மூன்று, இரண்டு, ஒன்று என்று மனப்பாடம் செய்தால் போதும்: மாவு 150 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம். அளப்பதைக் குழந்தையே தராசில் செய்யட்டும். ஊத்துக்குளி வெண்ணெய் பக்கத்திலேயே கிடைக்கும் எங்களுக்கு இதைவிட நல்ல பண்டம் தெரியாது. வெண்ணெயில் தண்ணீர் நின்றால் கையால் பிழிந்து எடுத்துவிடுங்கள். சர்க்கரையும் வெண்ணெயும் வெளுக்கும் வரை தேய்த்து, மாவு சேர்த்து, அழுத்தாமல் சேர்த்துப் பிடித்து, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரம். இல்லையென்றால் தட்டில் வழிந்து ஓடிவிடும். 160 டிகிரியில் 18 நிமிடம் வாக்கில் ஓரம் சிவந்ததும் எடுங்கள். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆற ஆற இறுகும்.

பேக்கரி தேங்காய் பன் வீட்டில் வருமா?

வரும், ஆனால் ஒரு மதியம் முழுவதும் வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் டீக்கடையையே பேக்கரி என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பன்னைத் தன் கையால் செய்துவிட்டேன் என்பதில் குழந்தைக்கு வரும் பெருமிதத்துக்கு அந்த மதியம் தகும். 250 கிராம் மைதாவுக்கு 5 கிராம் ஈஸ்ட், 140 மி.லி. வெதுவெதுப்பான பால், 30 கிராம் சர்க்கரை, 30 கிராம் வெண்ணெய், அரை தேக்கரண்டி உப்பு. 10 நிமிடம் நன்றாக அறைந்து பிசைய வேண்டும். ஒரு துண்டைக் கிள்ளி விரல்களால் விரித்துப் பிடித்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக வர வேண்டும். குழந்தைகள் அதன் வழியாக ஜன்னலைப் பார்ப்பார்கள். மே மாதத்தில் முக்கால் மணி நேரத்தில் இரு மடங்காகும் மாவு, மார்கழியில் ஒன்றரை மணி நேரமும் கேட்கும். நடுவில் தேங்காய்த் துருவல், சர்க்கரை, டூட்டி ஃப்ரூட்டி வைத்து மூடி, இன்னும் அரை மணி நேரம் ஊதவிட்டு, 190 டிகிரியில் 25 நிமிடம்.

பேக்கிங் எல்லாம் நமக்குப் புதிது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ஆடி முதல் நாள் தேங்காய் சுடுகிறோமே, அது என்ன என்று கேளுங்கள். ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் பக்கத்துக் குழந்தைகளுக்கு நெருப்பில் வேகவைக்கும் முதல் பாடம் அந்த நோம்பியில்தான் (பண்டிகையில்தான்) கிடைக்கிறது. பாரதப் போர் ஆடி 1இல் தொடங்கி 18இல் முடிந்தது என்று எங்கள் அம்மாயி கதை சொல்லிக்கொண்டே செய்வார்.

நாரை உரித்த தேங்காயைக் கரடான கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவது குழந்தைகளின் வேலை. காலையில் தொடங்கினால் உச்சி வரை தேய்ப்பார்கள். மூன்று கண்களில் மென்மையான ஒன்றைத் திறந்து, தண்ணீரை டம்ளரில் வடித்துக்கொள்ள வேண்டும். ஊறிய பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், அவல், பொடித்த வெல்லம், ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து, அந்தச் சிறிய கண் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். முக்கால் அளவு நிறைந்ததும் நிறுத்திவிடுங்கள். உள்ளே இருப்பது வேகும்போது ஊதிப் பெரிதாகும். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சில் குச்சியால் கண்ணை அடைத்து, மஞ்சள் பூசுவார்கள். சாயங்காலம் தெருவில் நெருப்பு மூட்டி, குச்சியைப் பிடித்துக்கொண்டு திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். ஓடு கருகி, பட்டென்று விரிசல் விடும் சத்தம் கேட்டால் வெந்துவிட்டது என்று பொருள். அந்தச் சமயத்தில் முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. குச்சி நீளமாக இருக்கட்டும். பிள்ளையாருக்குப் படைத்த பிறகு உடைத்தால், தேங்காயின் உட்புறம் வெல்லம் ஏறிப் பழுப்பாக, புகை மணத்தோடு இருக்கும். நான் எந்த ஓவனிலும் அந்த மணத்தைக் கொண்டுவந்ததில்லை.

இடியாப்பம்போல நூல் நூலாக வரும் சந்தகையைப் பிழிவதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெந்த மாவைச் சூடாக அச்சில் போட்டு ஒருவர் அழுத்த, இன்னொருவர் தட்டைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் வேலை என்பதாலேயே குழந்தைக்கு அதில் இடம் இருக்கிறது.

களிமண் பொம்மைகள் காய்ந்ததும் வெடித்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

நிழலில், ஈரத்துணி போர்த்தி, மெதுவாகக் காயவையுங்கள். 2 செ.மீ.க்கு மேல் கனமாக எதுவும் வேண்டாம். கை, காது ஒட்டும் இடத்தைச் சீப்பால் கீறி, குழைத்த மண்ணைத் தடவி ஒட்டுங்கள். நறுக்கிய தேங்காய் நாரைச் சேர்த்துப் பிசைந்தால் பிடிப்பு வரும். ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரே நாளில் உலர்த்தி விரிசல் விட்டுவிடும். அப்போது வீட்டுக்குள் வையுங்கள். பட்டிப் பொங்கலுக்கு (மாட்டுப் பொங்கலுக்கு) கட்டுத்தரையில் மண்ணால் சிறிய தெப்பக்குளம் கட்டும்போது, கரை பிடிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் விடுங்கள். மண்ணைப் பற்றி வேறெங்கும் கற்க முடியாததை அங்கே கற்பார்கள்.

எந்தெந்தப் பொருள்களில் கவனமாக இருக்க வேண்டும்?

குன்றிமணி. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க எல்லார் வீட்டிலும் எடுப்பார்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு. கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் மிளகு வைக்கச் சொல்கிறேன். மஞ்சள் அரளிக் காயும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது.

3 வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் மணி, பொத்தான், புளியங்கொட்டை எதையும் தரையில் விடாதீர்கள். 5 வயது வரை முழு நிலக்கடலை வேண்டாம், பொடித்துச் சேர்க்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்காதீர்கள். ஊசிகளை எடுக்கும்போது எண்ணுங்கள், வைக்கும்போது மறுபடியும் எண்ணுங்கள். எண்ணிக்கை சேராமல் எங்கள் திண்ணையிலிருந்து யாரும் எழுவதில்லை.

பையனுக்கு எதற்குத் தையலும் சமையலும் என்று கேட்கிறார்கள்.

திருப்பூரில் மிஷினில் உட்கார்ந்து தைப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பேக்கரிகளில் மாவு பிசையும் மாஸ்டர்களையும்.

நாங்கள் இருவரும் ஷிப்ட் வேலைக்குப் போகிறோம். நேரத்துக்கு எங்கே போவது?

வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் எடுத்து, விரித்து, மடித்து வைப்பதில்தான் நேரம் போகிறது. பாதியில் நிற்கும் வேலையை அப்படியே ஒரு முறத்தில் வைத்து, குழந்தையின் கைக்கு எட்டும் அலமாரியில் வையுங்கள். கீழே எடுத்தால் தொடங்கலாம், மேலே வைத்தால் முடிந்தது. நீங்கள் வேலையிலிருந்து வந்து டீ குடிக்கும் கால் மணி நேரத்தில் இரண்டு வரிசை நெய்துவிடுவார்கள். சமையலில் தனி நேரமே தேவையில்லை. இரவுச் சப்பாத்திக்கு மாவு பிசைவதைக் கொடுத்துவிடுங்கள். வடிவம் எப்படி வந்தாலும் கல்லில் போட்டு எடுத்து, அதையே நீங்கள் சாப்பிடுங்கள்.

கூப்பிட்டால் செல்போனை விட்டு வருவதில்லை.

கூப்பிடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து செய்யத் தொடங்குங்கள். உங்கள் செல்போனும் உள்ளறையில் இருக்கட்டும்.

செய்த பொருள்களையெல்லாம் எங்கே வைப்பது? வீடு நிறைந்துவிட்டதே.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் வேண்டாம். காகிதப் பொம்மைகளுக்கும் சோளத்தட்டு வண்டிக்கும் ஆயுள் அவ்வளவுதான். பிய்ந்த பிறகு மார்கழிக் குளிரில் வெந்நீர் அடுப்புக்குப் போகலாம். ஆனால் போடுவதற்கு முன் செய்தவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். நோம்பிக்கு வரும் உறவினருக்கு ஒன்று கொடுக்கலாம். எதைக் கொடுப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.

பயன்படுபவற்றை அலமாரியில் பூட்டாமல் பயன்படுத்துங்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானை அந்த உடுக்கைப் பாயின் மேல்தான் இருக்கிறது. நீலம் வெளுத்துவிட்டது, ஓரத்தில் ஒரு பிரி கிளம்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பானையைக் கழுவ இறக்கும்போது, அதை உதறி, வெயிலில் போட்டு, காய்ந்ததும் மறுபடி அதே இடத்தில் விரிப்பது என் மகள்தான்.